முத்துலட்சுமி மாட்டிய ரேம்

டெஸ்ட் பெஞ்சில் புதிதாக உட்காரப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் டிராயரைத் திறந்தால் உள்ளே ஓர் அழிரப்பர் கிடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற அதே ரப்பர்தான். அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் ரேமைப் பிடுங்கு, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய், திரும்ப மாட்டு. ஊரில் உள்ள எல்லா ரிப்பேர் கடைகளிலும் இந்த வைத்தியம்தான் நடக்கிறது. தேய்த்து மாட்டினால் மெஷின் ஓடவும் ஓடும். வம்பே அங்கேதான் இருக்கிறது. எதனால் ஓடியது என்று தெரியாமல் ஓடும், எதனால் நின்றது என்று தெரியாமல் மறுபடி நிற்கும்.

டெஸ்ட் சாஃப்ட்வேரை எப்படி ஓட்டுவது, எந்த எண் வந்தால் எந்தப் பக்கம் பார்ப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு டிரெயினிங்கில் சொல்லியிருப்பார்கள். நான் திரும்பச் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். திரை ஒன்று சொல்லும், லைன் ஒன்று சொல்லும், மேலே இருப்பவர் பதில் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் பேச நினைக்கிறேன். அதற்கு ஒரு சம்பவம் போதும். அதில் ஒரு பெண்ணின் பிழைப்பு போகப் பார்த்தது.

ஒரகடத்தில் நாங்கள் மேசைக் கம்ப்யூட்டர்களைப் பூட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். லைனில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டேஷன். ஒருவர் மதர்போர்டில் பிராசஸரை வைப்பார். அடுத்தவர் அதன் தலையில் கூலரை, அதாவது சூட்டை வாங்குகிற உலோகக் கட்டியும் ஃபேனும் சேர்ந்த சாமானை, வைத்து நான்கு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்குவார். அதற்கு அடுத்த ஸ்டேஷனில் ரேமை, அதாவது மெமரி அட்டையை, மாட்டுவார்கள். பிறகு பெட்டிக்குள் இறங்கும், பக்கத்து மூடி ஏறும், சின்னதாக ஒரு சோதனை நடக்கும். கடைசியில் பர்ன்-இன் அறை. அங்கே ஒரு ஷிஃப்ட் முழுக்க மெஷினை மூச்சு வாங்க ஓடவிடுவோம். தாங்கினால் பேக்கிங், தாங்காவிட்டால் என் பெஞ்ச். டெஸ்டுக்கும் ரிப்பேருக்கும் நான் பொறுப்பு.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் பர்ன்-இன் அறையில் மெஷின்கள் விழ ஆரம்பித்தன. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகிவிடும். மெமரி எரர் என்று வரும். திரும்ப ஆன் செய்தால் சிலதில் பாதி மெமரிதான் காட்டும். எல்லாம் அப்போதுதான் பூட்டிய புத்தம்புது மெஷின்கள். பெரிய ஆர்டர் ஒன்று, லாரி வாசலில் நிற்கிறது.

அதே வாரத்தில்தான் முத்துலட்சுமியை ரேம் ஸ்டேஷனில் போட்டிருந்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், டிப்ளமோ முடித்தவள். காண்டிராக்டர் மூலம் டிரெயினியாக வந்து, குன்றத்தூரில் காண்டிராக்டர் எடுத்துவிட்ட வீட்டில் மற்றப் பெண்களோடு தங்கியிருந்தாள். பூஜைக்கு முன்பு வரை லேபிள் ஒட்டுகிற வேலை பார்த்தவள். ஸ்டேஷன் மாறினாள், மெஷின் விழுந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் லைனில் காக்கை மட்டும்தான் எல்லார் கண்ணிலும் படும்.

லைன் சூப்பர்வைசர் பாஸ்கர் கெட்ட மனிதர் இல்லை. ஆபரேட்டராக நுழைந்து மேலே வந்தவர், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் தன் பைக்கிலேயே கொண்டுபோய் விடுவார். ஆனால் லைன் நின்றால் அவருக்கு மூச்சே நின்றுவிடும். எங்கள் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லாரும் லைனுக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். நேற்று எந்த ஸ்டேஷனில் என்ன தப்பு என்பதை சூப்பர்வைசர் ஆள் பேரோடு உரக்கச் சொல்வார். வெட்கப்பட்டுத் திருந்துவார்கள் என்பது யாரோ கண்டுபிடித்த தத்துவம். நான் பார்த்தவரை வெட்கப்பட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த வாரம் பாஸ்கர் வாயில் ஒரே பேர்தான். "ரேம் ஸ்டேஷன், முத்துலட்சுமி. நேத்து பர்ன்-இன்ல வுழுந்தது பூரா மெமரி எரர். பாத்து போடும்மா" என்று முதல் நாள் சொன்னார். இரண்டாம் நாள் 'ம்மா' போய்விட்டது. மூன்றாம் நாள், "முத்துலட்சுமி, உன்னால மொத்த லைனும் நிக்குது" என்றார். அவள் தலையைக் குனியவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் நின்ற பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டதை நான் பார்த்தேன்.

பிறகு கயிற்றுக்கு வந்தார்கள். நம் உடம்பில் சேருகிற நிலைமின்சாரம் சுருக்கென்று பாய்ந்தால் ரேம் செத்துப்போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி அதைத் தரைக்கம்பியோடு இணைத்துக்கொள்கிறோம். பட்டை தோலைத் தொட்டால்தான் பலன். முத்துலட்சுமியின் இடது கையில் சிவப்புக் கயிறு ஒன்று இருந்தது, ஊரைவிட்டுக் கிளம்பும்போது அம்மன் கோயிலில் கட்டிவிட்டது. கயிற்றின் மேல் பட்டையைக் கட்டுகிறாள், அதனால் கரண்ட் இறங்கவில்லை, அதனால் ரேம் சாகிறது என்று யாரோ சொல்ல, எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். கேட்பதற்கு என்னவோ பொருத்தமாகத்தான் இருந்தது. அவள் கயிற்றை மேலே தள்ளிவிட்டுப் பட்டையைக் கீழேதான் கட்டினாள். தினமும் வாசலில் பட்டையைச் சோதிக்கும் மெஷினில் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் உள்ளே வந்தாள். அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை.

"கயித்த கயட்டிடு, இல்ல ஸ்டேஷன வுட்டு எயுந்துரு" என்றார் பாஸ்கர்.

அது கழற்றுகிற கயிறு இல்லை, முடிச்சு போட்டது. கேபிளைக் கட்டும் பிளாஸ்டிக் டையை நறுக்குகிற கட்டரை எடுத்து, எல்லார் முன்னாலும் அவளே வெட்டினாள். வெட்டிய துண்டை மடித்து ஓவர்கோட் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த போர்டை எடுத்தாள். அன்று மாலை பர்ன்-இன் அறையில் முந்தின நாளைவிட அதிகமாக விழுந்தது.

அதற்கப்புறமும் அவள்மேல் இருந்த கண் மாறவில்லை. கயிறு இல்லையென்றால் கை. "கையே ராசியில்ல சார்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். காண்டிராக்டரின் ஆள் வந்து பேசிவிட்டுப் போனார். வாரக் கடைசியில் அவளை ரிலீவ் செய்வதாக முடிவு. வரிசையாகத் தொழிற்சாலைகள் நிற்கும் எங்கள் காரிடாரில் அது வெறும் வேலை போவது இல்லை. அந்தக் காண்டிராக்டரின் ஆட்கள்தான் சுற்றுவட்டத்தில் பாதி கேட்டுகளில் நிற்கிறார்கள். தரக்குறைவு என்ற காரணத்தோடு ஒரு கேட்டில் வெளியே அனுப்பினால் அடுத்த கேட்டில் ஏற முடியாது. தங்கியிருந்த அறையையும் அன்றே காலி செய்ய வேண்டும்.

என் பெஞ்சில் நடந்துகொண்டிருந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மூன்று டெக்னீஷியன்கள், மூன்று ரப்பர். விழுந்த மெஷின் வந்ததும் ஒருவர் ரேமைப் பிடுங்குவார், தேய்ப்பார், மாட்டுவார். ஓடாவிட்டால் பக்கத்து மெஷினின் ரேமை இதிலும் இதை அதிலும் மாற்றிப் போடுவார். எப்படியோ ஏதோ ஒன்று ஓடிவிடும், பர்ன்-இன்னுக்குத் திருப்பி அனுப்புவார்கள், அது அங்கே போய் மறுபடி விழும். விழுந்த மெஷினிலிருந்த ரேமைக் காட்டுங்கள் என்று கேட்டேன். ஒரு டிரேயை நீட்டினார்கள். அதில் ரேம்கள் கடலை மிட்டாய் மாதிரி குவிந்து கிடந்தன. எது எந்த மெஷினுடையது என்று அவர்களுக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. ஒரு பெண்ணை வெளியே அனுப்பப் போகிற சாட்சியம் முழுவதும் அந்த டிரேயில் கலந்து கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"இனிமே விழுற மெஷின்ல யாரும் கை வைக்கக் கூடாது. மூடியக்கூடத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

அரைமணி நேரத்தில் பாஸ்கர் வந்து நின்றார். "இன்னா சார், ரிப்பேரையே நிறுத்திட்டீங்களாமே. ரூம் பூரா மெஷினு அடுக்கிக்கினு கீது. மேனேஜருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லுங்க."

"ரேம் போச்சுனு ஸ்க்ரீனே சொல்லுது சார். அதுக்கு மேல இன்னா இருக்கு பாக்கறதுக்கு?"

என் முதல் கம்பெனியில் ஒரு சீனியர் அம்மா இருந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டே சர்க்யூட் பார்ப்பார். ஸ்க்ரீன் சொல்வது வலி எங்கே என்பதைத்தான், நோய் எங்கே என்பதை இல்லை என்று அவர் அடிக்கடி சொல்வார். தலைவலி என்று வருகிற எல்லாருக்கும் தலையிலா நோய் இருக்கிறது, பாதிப் பேருக்கு வயிற்றில் அல்லவா என்பார். பாஸ்கரிடம் இந்தத் தத்துவத்தைப் பேச நேரம் இல்லை. "நாளைக்குச் சாயங்காலம் வரை கொடுங்க" என்று மட்டும் கேட்டேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். மேனேஜரிடமிருந்து போன் வந்தது, அவருக்கும் அதையே சொன்னேன். கண்டுபிடிக்க முடியாமல் போனால் லாரியை நிறுத்தியவன் என்ற பேர் எனக்கு.

மறுநாள் காலையில் புதிதாக விழுந்த மெஷின்களை மட்டும் எடுத்தேன். ஒவ்வொன்றின் ரேமுக்கும் ஓர் ஒட்டுத்தாள். எங்களிடம் வருடக்கணக்காகச் சிணுங்காமல் ஓடிக்கொண்டிருந்த பழைய டெஸ்ட் மெஷின்கள் இருந்தன. அவற்றில் இந்த ரேம்களைப் போட்டு மதியம்வரை வறுத்தெடுத்தேன். சப்ளையரிடமிருந்து வந்த சரக்கே மட்டமாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம், அதற்காக அவர் அனுப்பிய இரு வேறு பெட்டிகளின் ரேமும் வரும்படி மெஷின்களைப் பொறுக்கியிருந்தேன். ஒன்றுகூடத் தப்பு காட்டவில்லை. நிலைமின்சாரம் கொன்ற ரேம் எந்த மெஷினிலும் செத்த ரேம்தான். இவை உயிரோடு இருந்தன. அப்படியென்றால் முத்துலட்சுமியின் கயிறும் கையும் இதில் சம்பந்தப்படவே இல்லை.

இதைப் பாஸ்கரிடம் சொன்னேன். "அப்ப ரேம மாட்றப்ப ஸ்லாட்ட அமுக்கி ஒடச்சிருப்பா சார்" என்றார். தம்பி தங்கைகளே, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பழி ஒருவர்மேல் உட்கார்ந்துவிட்டால் காரணம் தினமும் மாறும், ஆள் மாற மாட்டார்.

ஸ்லாட்டையும் பார்த்துவிடலாம் என்று அவள் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். எப்படி மாட்டுகிறாள் என்று காட்டச் சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் கிளிப்பு விழுத சத்தம் கேக்கும் சார். அது கேட்ட பெறவுதான் கைய எடுக்கேன்" என்றாள். மாட்டிக் காட்டினாள். கிளிப்பு இரண்டும் சரியாக விழுந்தன. அழுத்தமும் சரி, கோணமும் சரி. நான் தலையாட்டினேன்.

"சார், சனிக்கிழமை ரூம காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வேல போனாப் போவுது. ஊர்ல போயி என்னன்னு சொல்லுவேன்? பொருள ஒடச்சவன்னு விரட்டிட்டாங்கன்னா?" அவள் போர்டைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். கை நிற்காமல் அடுத்த ரேமை எடுத்தது.

பார்க்கிறேன் என்றேன். அதைச் சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

அங்கிருந்து பேக்கிங் பக்கம் போனேன். லாரிக்காரரைச் சமாதானப்படுத்தத்தான். அங்கே தேவகியக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். பென்னலூர்க்காரர், பேக்கிங்கில் மூத்தவர், யாரிடமும் சத்தமாகத்தான் பேசுவார்.

"சார், உங்களாண்ட ஒன்னு சொல்லணும். இந்த மூடிங்க எல்லாம் லொட லொடனு ஆடுது. ஸ்க்ரூ பாதிதான் ஏறிகீது. ஒன்னொன்னையும் நான் திரும்ப முடுக்கிக்கினு கீறேன். பண்டிக லீவு முட்ஞ்சி வந்ததுலேர்ந்து இதே ரோதன."

"பாஸ்கர்கிட்ட சொன்னீங்களாக்கா?"

"அவுரு இப்ப மெமரி மெமரினு சுத்திக்கினு கீறாரு. மூடிய யாரு கேக்கறா?"

நானும் கேட்கவில்லை. சரிக்கா என்று சொல்லிவிட்டு நடந்தேன். கேன்டீன் வாசல்வரை போன பிறகுதான் உறைத்தது. பண்டிகை லீவு முடிந்து வந்ததிலிருந்து. மெஷின் விழுவதும் அன்றிலிருந்துதான், மூடி ஆடுவதும் அன்றிலிருந்துதான். இரண்டு புகாருக்கும் ஒரே பிறந்தநாள். ஓரிடத்தில் ஸ்க்ரூ இறுக வேண்டிய அளவு இறுகவில்லை. அப்படியானால் வேறு எங்கேயோ இறுகக் கூடாத அளவு இறுகுகிறதோ?

ஆயுத பூஜை எங்கள் காரிடாரில் விளையாட்டு இல்லை. பெரிய மெஷின்களுக்கு நின்ற இடத்திலேயே பொட்டு. கையில் பிடிக்கும் சாமான்கள் மட்டும் லைனுக்கு முன்னால் சிவப்புத் துணி விரித்த மேசைக்கு வந்துவிடும். மீட்டர், கட்டர், ஸ்க்ரூ முடுக்குகிற எலக்ட்ரிக் கன்கள், எல்லாம். சந்தனம், குங்குமம், பொரி, சுண்டல், வாசலில் பூசணிக்காய். பாஸ்கர் குளித்துவிட்டு வேட்டியில் வந்து கற்பூரம் காட்டுவார். பூஜை முடிந்ததும் சாமான்களை அவரே எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். சாமி கையிலிருந்து வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள்.

நேராகக் கூலர் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே ஏழுமலை, மணிமங்கலத்துக்காரர். எங்கள் லைனில் நீண்ட நாளாக இருப்பவர், அளவாகப் பேசுபவர். அவர் கையிலிருந்த ஸ்க்ரூ கன்னை வாங்கிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் ஸ்டேஷன் எண் எழுதிய தாள் ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் காய்ந்து கிடந்தது.

"இத ஏன் துடைக்கலை?"

"சாமிக்கு வச்ச பொட்டு சார். நம்ம கையால தொடச்சா நல்லாவா இருக்கும்? தானா போவட்டும்னு வுட்டுட்டோம்."

நகத்தால் சுரண்டினேன். ஏழுமலை முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். சந்தனம் உதிர்ந்தது. அடியில் இருந்தது அவருடைய எண் இல்லை, மூடி முடுக்குகிற ஸ்டேஷனின் எண். மூடிக்குப் போகவேண்டிய கன்னுக்கு இறுக்கம் அதிகம் வைத்திருப்போம், கூலருக்குப் பூப்போல முடுக்கினால் போதும். இரண்டும் ஒரே கம்பெனிக் கன்கள், ஒரே நிறம். எண் தெரியாவிட்டால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. மாதத்துக்கு ஒரு தடவை இறுக்கத்தை அளந்து பார்ப்பது வழக்கம். அந்த மாதத்து அளவைப் பூஜைக்கு முன்பே முடித்துவிட்டிருந்தார்கள்.

"ஏழுமலை, கன் கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கறது தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது சார். கையே வலிக்க ஆரமிச்சிருச்சி. பூஜைக்கு முன்ன சர்வீஸ் பண்ணிருப்பாங்க, அதான் புதுசு மாரி இய்க்குதுனு நெனச்சேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. பலமாக இழுக்கிற கன்னை யார் பழுது என்பார்கள்?

விஷயம் இவ்வளவுதான். கூலரை அளவுக்கு மேல், அதுவும் ஒரு மூலையை முதலில் முழுக்க முடுக்கிவிட்டால், அடியில் இருக்கிற பிராசஸர் ஒரு மயிரிழை சாய்கிறது. அதன் அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான தொடுமுனைகளில் சில ஒழுங்காகத் தொடுவதில்லை. பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே பேச்சு நடப்பதும் அந்த முனைகள் வழியாகத்தான். குளிர்ந்திருக்கும்போது எப்படியோ ஒட்டிக்கொண்டு ஓடும். பர்ன்-இன் அறையில் சூடேறியதும் விலகும். மெஷினுக்குத் தெரிந்தது ரேமிலிருந்து பதில் வரவில்லை என்பதுதான், அதனால் மெமரி எரர் என்கிறது. ரேமைப் பிடுங்கி மாட்டும்போது போர்டில் நம் கை கொடுக்கிற அழுத்தத்தில் முனைகள் கொஞ்சம் நகர்ந்து உட்காரும். ரப்பர் வைத்தியம் அதனால்தான் பலித்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். காரணம் புரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ஓடிப்போய்ச் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். இதுவரை சொன்ன எல்லாருக்கும் காரணம் புரிந்துதான் இருந்தது. கயிறு என்றவருக்கும் புரிந்திருந்தது, கை ராசி என்றவருக்கும் புரிந்திருந்தது. கோளாறை நீங்களே வரவழைக்கவும் நீங்களே விரட்டவும் முடிந்தால்தான் அதைப் பிடித்துவிட்டதாக அர்த்தம்.

பாஸ்கரைக் கூப்பிட்டேன். அவர் கண் முன்னாலேயே, விழுந்த ஒரு மெஷினை எடுத்து ரேமைத் தொடாமல் கூலர் ஸ்க்ரூக்களை மட்டும் தளர்த்தி, சரியான கன்னால் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினேன். பிறகு பூஜைக்கு முன் பூட்டியதில் ஸ்டோரில் மிச்சமிருந்த ஒரு நல்ல மெஷினை எடுத்து, அந்த முரட்டுக் கன்னால் முடுக்கினேன். இரண்டையும் பர்ன்-இன் அறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். விழுந்தது ஓடிக்கொண்டே இருந்தது. நல்லது கொஞ்ச நேரத்தில் நீலமாகி விழுந்தது. அதைத் தளர்த்திச் சரியாக முடுக்கியதும் எழுந்து ஓடியது. இன்னொரு ஜோடியிலும் செய்து பார்த்தோம். அதே கதை.

பாஸ்கர் அந்த முரட்டுக் கன்னை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கன்களை எடுத்துக் கொடுத்த கை யாருடையது என்பது அவருக்குத் தெரியும்.

"நான்தான் சார் மாத்திக் குட்த்துகீறேன்" என்றார். பிறகு, "சார், ஒரு ஹெல்ப்பு. பூஜைனு மட்டும் எழுதிடாதீங்க. அடுத்த வருசம் பூஜையே வாணாம்னுடுவாங்க. ஆளுங்க மனசு ஒடஞ்சிடும்" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் கேட்கவில்லை. நான் யோசித்து, இடம்விட்டு எடுத்த எந்தக் கருவியையும் திரும்ப வைக்கும்போது அளந்து பார்க்காததுதான் காரணம் என்று எழுதினேன். அது பொய்யும் இல்லை. பூஜை செய்தது தப்பில்லை, பூஜை முடிந்து அளக்காததுதான் தப்பு. எண்ணைத் தாளில் ஒட்டாமல் கன்னின் உடம்பிலேயே பொறிக்க ஏற்பாடு செய்தோம். ரேம் ஸ்டேஷனில் எந்தத் தவறும் இல்லை என்று தனியாக ஒரு வரியும் எழுதினேன். பாஸ்கரைக் காண்டிராக்டருக்கு என் முன்னாலேயே போன் போட வைத்தேன். சனிக்கிழமை ரிலீவ் ரத்தானது. விழுந்த மெஷின்களின் கூலரைத் தளர்த்தி முடுக்கி, லாரியை அனுப்பினோம். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலைக் கூட்டத்துக்கு நானும் போய் ஓரமாக நின்றேன். பாஸ்கர் தாளைப் பார்த்து வாசித்தார்.

"பர்ன்-இன் ஃபெயிலு ப்ராப்ளம் சால்வ் ஆயிடுச்சி. டூலு மாறிப்போனதுதான் ரீசன். இனிமே அவங்கவங்க டூல அவங்கவங்க செக் பண்ணிக்கணும். அடுத்து, கேன்டீன் டைமிங்."

எனக்கு அது போதுமானதாகத்தான் பட்டது. மெஷின் ஓடுகிறது, ஆள் வேலையில் இருக்கிறாள், வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

"சார், ஒரு நிமிசம்."

இரண்டாவது வரிசையிலிருந்து முத்துலட்சுமி. அந்தக் கூட்டத்தில் டிரெயினி ஒருத்தி வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பாஸ்கர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா?"

"இத்தன நாளா டூலுன்னு சொல்லல சார். முத்துலட்சுமின்னு பேரச் சொன்னீங்க. எல்லாரும் கேட்டாங்க. இன்னைக்கும் பேரச் சொல்லிச் சொல்லுங்க சார்."

குரல் உயரவில்லை. லைன் தொடங்குவதற்கான மணி அடித்தது, அப்போதும் ஒருவரும் இடத்தைவிட்டு நகரவில்லை. தேவகியக்கா மட்டும் பேக்கிங் வரிசையிலிருந்து, "சொல்லுப்பா பாஸ்கரு, அது கேக்கறது சரிதான" என்றார்.

பாஸ்கர் கையிலிருந்த தாளை மடித்தார். அவர் முகம் சிவந்திருந்தது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"முத்துலட்சுமி மேல எந்தத் தப்பும் இல்ல" என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "ரேம் ஒன்னுகூட போவல. கன்ன மாத்திக் குட்த்தது நானு. தப்பு என்னுது. மன்னிச்சிரும்மா" என்றார்.

அவள் அவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரி சார்" என்றாள்.

தன் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்து, மணிக்கட்டில் பட்டையை மாட்டி, கம்பியைச் செருகினாள். பக்கத்தில் ஏழுமலை இன்னும் நின்றுகொண்டே இருந்தார்.

"அண்ணே, போர்ட இங்கிட்டுத் தள்ளுங்க" என்றாள்.